காணித் தரகுத் தம்பிமாரே, உங்கள் வெப்சைட்டின் உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது?



"சேர், விக்ஸ் நல்லதா, வேர்ட்பிரஸ் நல்லதா? காணி, வீடு விற்கிற சைட் ஒன்று போடப் போறோம்."

மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது இந்தக் கேள்வி எங்களிடம் வருகிறது. கேட்பவர்கள் அநேகமாக எங்களிடம் படித்த பிள்ளைகள். ஏ.எல். முடித்துவிட்டு, கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் மடவளையிலும் திகனயிலும் ஒரு மோட்டார் சைக்கிளையும் இரண்டு போனையும் வைத்துக்கொண்டு காணி புரோக்கர் வேலை செய்கிறவர்கள். உழைத்துச் சாப்பிடுகிறார்கள், அதில் எங்களுக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அந்தக் கேள்வியில்தான்.

நாங்கள் என்பது இந்தப் பக்கத்துப் பாடசாலைகளில் படிப்பிக்கிற சிலர். யாருக்கும் சைட் செய்து கொடுத்துக் காசு வாங்குவதில்லை. ஆனால் காணி விற்பவன் எங்கள் பழைய மாணவன், வாங்குகிறவரின் பிள்ளை இப்போது எங்கள் வகுப்பில் இருக்கிறது. கட்டாரிலும் சவூதியிலும் பதினைந்து வருடம் கிடந்து சேர்த்த காசு, போனில் பார்த்த நாலு படத்தை நம்பி அட்வான்ஸாகப் போகிறது. அதனால்தான் வாய் திறக்கிறோம்.

ஒரு காணியைப் பார்க்கப் போகிறவன் முதலில் கேட்டுக்கு என்ன நிறம் பெயின்ட் அடிப்பது என்று கேட்பானா? உறுதியைக் கேட்பான். யாருடைய பெயரில் இருக்கிறது, நொத்தாரிசு யார், காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்தாயா, பாதை எத்தனை அடி என்று கேட்பான். இதையெல்லாம் தினமும் மற்றவனுக்குச் சொல்லிக் கொடுக்கிற புரோக்கர்மார், தங்கள் சொந்தக் கடையை இணையத்தில் போடும்போது மட்டும் கேட்டின் நிறத்தைக் கேட்கிறார்கள். எந்த டெம்ப்ளேட் அழகு, எதில் படம் ஓடும், எது மலிவு. உறுதி யார் பெயரில் என்று எங்களிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

முதலில் "பேஸ்புக் பேஜ் இருக்குத்தானே, சைட் எதுக்கு?" என்கிற கூட்டத்துக்குப் பதில் சொல்லிவிடுவோம். கண்டி ஆட்கள் இதைச் சொல்வதுதான் எங்களுக்கு ஆச்சரியம். 2018 மார்ச்சில் திகனயிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் நடந்ததை மறந்துவிட்டோமா? கடைகளும் பள்ளிகளும் எரிந்த அந்த வாரத்தில், மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் இன்ஸ்டகிராமையும் நாடு முழுக்க முடக்கியது. பேஸ்புக் திரும்பி வர ஒரு வாரம் எடுத்தது. வெறுப்பைப் பரப்பியதும் அதே பேஸ்புக்தான் என்பது வேறு கதை, அதை இன்னொரு நாள் எழுதலாம். 2019 ஏப்ரலில் ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு திரும்பவும் பூட்டு. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி ஆர்ப்பாட்டத்துக்குப் பயந்து திரும்பவும் பூட்டு. 2019இலும் 2022இலும் சாதாரண இணையத்தளங்கள் திறந்துதான் இருந்தன. பேஸ்புக்கில் மட்டும் கடை வைத்திருந்தவனுக்கு அந்த நாட்களில் கடையே இல்லை.

பேஸ்புக் ஒலிபெருக்கி. நன்றாகக் கூவிக் கூப்பிடும், பாவியுங்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு முன் போட்ட காணி விளம்பரத்தை உங்கள் பேஜிலேயே தேடிப் பாருங்கள். நீங்களே களைத்துப்போவீர்கள். தோஹாவில் இருந்துகொண்டு கூகுளில் "அக்குறணை காணி" என்று தேடுகிறவருக்கு அது கிடைக்கவா போகிறது?

இனி இலவசம் என்கிற தூண்டிலைப் பார்ப்போம். கூகுள் தன் வரைபடத்தில் கடையைப் பதிந்தவர்களுக்கு, பிஸ்னஸ்.சைட் என்று முடியும் முகவரியில் சும்மாவே ஒரு சின்ன வெப்சைட் கொடுத்தது. எத்தனையோ சிறு வியாபாரிகள் அதைப் பெயர் அட்டையிலும் பலகையிலும் அச்சடித்தார்கள். 2024 மார்ச்சில் கூகுள் அவ்வளவையும் அணைத்துவிட்டது. ஜூன் 10 வரைக்கும் அந்த முகவரிக்கு வந்தவர்களை வரைபடப் பக்கத்துக்குத் திருப்பி அனுப்பியது, அதற்குப் பிறகு அதுவும் இல்லை. வழக்குப் போட முடியுமா? முடியாது. அது கூகுளின் காணி, நாங்கள் குடியிருந்தவர்கள்.

விக்ஸும் அதே மாதிரி ஒரு வாடகை வீடுதான், கொஞ்சம் வசதியான வாடகை வீடு. மவுஸால் இழுத்து வைத்தால் பக்கம் தயார். ஒரு பின்னேரத்தில் சைட் போட்டுவிடலாம், அது உண்மை. ஆனால் விக்ஸில் கட்டிய தளம் விக்ஸின் சேர்வரில் மட்டும்தான் ஓடும். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வேறு இடத்தில் வைக்க முடியாது என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. அட்டவணையில் இருக்கிற தரவுகளைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். சுவரும் கூரையும் அங்கேதான் கிடக்கும். ஐந்து வருடத்தில் நானூறு காணி போட்டவன் வெளியே வர நினைத்தால், நானூறையும் திரும்ப அடுக்க வேண்டும். வேர்ட்பிரஸ் அப்படியில்லை. 2003இல் வந்த திறந்த மென்பொருள், உலகத்து இணையத்தளங்களில் 40 வீதத்துக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. கோப்புகளையும் தரவுத்தளத்தையும் ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொண்டு நாளைக்கே வேறொரு ஹோஸ்டிங் கம்பெனிக்குப் போகலாம். யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இங்கே ஒரு சகோதரர் குறுக்கிடுவார்: "சேர், விக்ஸ் இஸ்ரேல் கம்பெனி, அதைச் சொல்லுங்க முதல்ல." ஆம், 2006இல் டெல் அவிவில் தொடங்கிய கம்பெனிதான். காஸாவுக்காக அதை ஒதுக்குகிறவர்களின் நிய்யத்தை அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும். ஆனால் அப்படி விக்ஸை விட்டு ஓடிவந்த இரண்டு பேரின் வேர்ட்பிரஸ் சைட்டைத் திறந்து பார்த்தோம். உள்ளே முழுக்க எலிமெண்டர் பிளகின். அதுவும் இஸ்ரேல் கம்பெனிதான். புறக்கணிப்பதென்றால் விசாரித்துப் புறக்கணியுங்கள். பெயரை மட்டும் கேட்டுக் கோபப்பட்டுவிட்டு, அதே ஊர்க் கடைக்குப் பின்கதவால் போகாதீர்கள். எலிமெண்டர் இல்லாமலேயே, வேர்ட்பிரஸோடு வரும் எடிட்டரை வைத்தே ஒரு காணிப் பக்கத்தை அழகாகச் செய்யலாம்.

டொலர் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது. மாதம் மாதம் டொலரில் கட்டுகிற சேவையில் இருந்தவர்களுக்கு, சைட்டில் ஒரு எழுத்துக்கூட மாறாமல் செலவு முக்கால் மடங்கு கூடியது. போதாததற்கு வெளிநாட்டுக்குக் காசு கட்டக் கார்ட்டே வேலை செய்யாத காலம் அது. எல்கே டொமைனுக்கும் உள்ளூர் ஹோஸ்டிங்குக்கும் ரூபாயில் கட்டலாம் என்பதை அப்போதுதான் பலர் யோசித்தார்கள்.

டொமைன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் புரோக்கர் ஒருவர், மூன்று வருடம் பலகையிலும் பேனாவிலும் கலண்டரிலும் அடித்துப் பரப்பிய பெயர். சைட் செய்து கொடுத்தவரோடு காசு விஷயத்தில் மனக்கசப்பு. அப்போதுதான் தெரிந்தது, டொமைன் பதிந்திருப்பது செய்து கொடுத்தவரின் பெயரில், அவருடைய ஈமெயிலில். இவர் கையில் இருந்தது பாஸ்வேர்ட் எழுதிய ஒரு கடதாசித் துண்டு. அந்தப் பாஸ்வேர்டும் மாற்றப்பட்டிருந்தது. காணி விஷயத்தில் அடுத்தவன் பெயரில் உறுதி எழுதிவிட்டு வீடு கட்டுகிற ஒருவனைக் கண்டால் இவர் எப்படிச் சிரித்திருப்பார்! டொமைன் உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டையில், உங்கள் ஈமெயிலில் இருக்க வேண்டும். ஹோஸ்டிங் கணக்கும் அப்படியே. செய்து கொடுக்கிறவருக்கு உள்ளே வர ஒரு சாவி கொடுங்கள், வேலை முடிந்ததும் அதைத் திரும்ப வாங்குங்கள். இதற்கு மறுக்கிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தாலும்.

இவ்வளவும் சாவி யார் கையில் என்ற விஷயம். இதைவிடப் பெரிய விஷயம் சைட்டின் உள்ளே, ஒரு காணியைப் பதியும்போது நிரப்புகிற படிவத்தில் இருக்கிறது.

"ரியல் எஸ்டேட்" என்று பெயர் போட்டு விற்கிற மென்பொருட்களில் பெரும்பாலானவை அமெரிக்காவைப் பார்த்துச் செய்தவை. அங்கே ஓர் ஊரின் முகவர்கள் தங்கள் வீடுகளை எம்.எல்.எஸ். என்கிற பொதுப் பட்டியலில் பதிகிறார்கள். அந்தப் பட்டியலை ஒவ்வொரு முகவரும் தன் சைட்டில் காட்டுவதற்கான வழிதான் ஐ.டி.எக்ஸ். அந்த மென்பொருட்களின் விலையில் பெரும்பங்கு அந்த இணைப்புக்குத்தான். இலங்கையில் அப்படி ஒரு பொதுப் பட்டியலே கிடையாது. ஆனாலும் "ஐ.டி.எக்ஸ். ரெடி" என்று எழுதியிருக்கிறதைப் பார்த்துவிட்டு அது ஏதோ பெரிய சங்கதி என்று டொலர் கட்டுகிறார்கள். குளமே இல்லாத ஊரில் தோணி வாங்குகிற கதை.

படிவத்தைத் திறந்தால் என்ன கேட்கிறது? நீச்சல் தடாகம் உண்டா, எத்தனை கார் கராஜ், ஜிம் உண்டா, வீட்டை சூடாக்கும் இயந்திரம் உண்டா. ஹந்தானை மலைச்சரிவில் பதினொரு பேர்ச்சஸ் துண்டு ஒன்றை விற்கிறவன் இதில் எதை நிரப்புவான்? பேர்ச்சஸ் என்ற அளவே அதில் இல்லை. சதுர அடி, ஏக்கர் இரண்டும்தான். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர் என்று எங்கள் ஏழாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கணக்குப் போட முடியும், மென்பொருளுக்கு முடியாது. அதனால் 11 என்று அடித்துவிட்டு அலகை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் பார்த்தால் பதினொரு சதுர அடிக் காணி! தொழுகை விரிப்பு ஒன்றை விரிக்கக்கூடக் காணாது.

சிரிப்பை விடுவோம். கண்டியில் ஒரு காணியைப் பற்றி வாங்குகிறவனுக்கு என்ன தெரிய வேண்டும்?

உரிமை எந்த வகை என்று தெரிய வேண்டும். சாதாரண உறுதியா, பிம்சவிய சான்றிதழா, ஸ்வர்ணபூமி, ஜயபூமி மாதிரி அரச அளிப்பா? அளிப்புக் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் கைமாற்ற முடியாது. விகாரைக்கோ தேவாலயத்துக்கோ சேர்ந்த காணியைக் குத்தகைக்கு எடுத்து அதில் வீடு கட்டியிருப்பதும் கண்டியில் சகஜம். இதையெல்லாம் "கிளியர் டீட்" என்ற இரண்டே சொல்லில் மூடிவிடுகிறார்கள். பாதை எத்தனை அடி, அது பொதுப் பாதையா, இன்னொருவர் காணிக்குள்ளால் போகிற பாதையா, வேன் வாசலுக்கு வருமா, கல் மண் ஏற்றிய லொறி வருமா என்று தெரிய வேண்டும். சரிவு எவ்வளவு, பக்கச் சுவர் கட்ட வேண்டுமா என்று தெரிய வேண்டும். சில காணிகளில் வீட்டுக்கு ஆகும் செலவில் பாதி அந்தச் சுவருக்கே போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலே மண்சரிவு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, நாட்டிலேயே உயிரிழப்பு மிக அதிகமாகப் பதிவானது எங்கள் கண்டி மாவட்டத்தில். கம்பளை தண்ணீருக்குள் போனது. அக்குறணையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை, பிங்கா ஓயா நிறைந்தால் டவுன் கடைகளுக்குள் தண்ணீர் வருவது வருடாந்த வழக்கம் மாதிரி ஆகிவிட்டது. மலைநாட்டில் கட்டட அனுமதி எடுக்கப் போனால் என்.பி.ஆர்.ஓ. என்கிற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கேட்கிறார்கள். ஒரு காணியில் வீடு கட்டலாமா கூடாதா என்பதே அந்த அறிக்கையில்தான் தங்கியிருக்கிறது. இப்படி இருக்க, காணி விற்கிற எத்தனை சைட்டில் "என்.பி.ஆர்.ஓ. அறிக்கை: உண்டு / இல்லை / விண்ணப்பித்துள்ளது" என்று ஒரு கட்டம் இருக்கிறது? நாங்கள் பார்த்த உள்ளூர்ப் புரோக்கர் சைட்டுகளில் ஒன்றில்கூட இல்லை. அழகான வியூ, குளிர் காற்று, கண்டி நகருக்குப் பத்து நிமிடம். (பத்து நிமிடம் யாருக்கு? காலை ஏழே காலுக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் தினமும் நிற்கிறோம்.)

"சேர், மென்பொருளில் அந்தக் கட்டம் இல்லையே" என்கிறார்கள். அதனால்தான் மென்பொருளைத் தெரிவு செய்யும்போதே இதைப் பாருங்கள் என்கிறோம். புதிய கட்டம் சேர்க்க விடுகிறதா, அதைக் கட்டாயம் நிரப்ப வேண்டியதாக ஆக்க முடியுமா, நிரப்பாவிட்டால் விளம்பரம் வெளியே போகாமல் தடுக்க முடியுமா? வேர்ட்பிரஸில் இதற்கென்றே பிளகின்கள் உண்டு, ஓரளவு தெரிந்த ஒரு பிள்ளை ஒரு நாளில் செய்து தரும். வாடகைத் தளங்களிலும் சிலதில் முடியும். முடியாத ஒன்றை, அது எவ்வளவு மினுமினுப்பாக இருந்தாலும், கண்டியில் காணி விற்க வாங்காதீர்கள்.

சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்ட சம்பவத்தை மத்ரஸாவில் படிக்காதவர் நம்மில் யாரும் இல்லை. மழை பட்டது என்று வியாபாரி சொன்னபோது, மனிதர்கள் காணும்படி அந்த ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்றுதான் அவர்கள் கேட்டார்கள். நாங்கள் சொல்கிற அந்தக் கட்டம் ஈரத்தை மேலே வைக்கிற கட்டம். ஜும்ஆவில் இந்த ஹதீஸைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து போன வருடம் வெள்ளம் ஏறிய காணிக்கு வெயில் காலத்துப் படம் போடுகிறவரை என்ன சொல்வது?

மாறாக, புரோக்கர்மார் கேட்டு வாங்குகிற வசதிகள் என்ன தெரியுமா? விலையை மறைக்க ஒரு பொத்தான், "விலைக்கு அழைக்கவும்". விற்று முடிந்த காணியையும் எடுக்காமல் வைத்திருக்க ஒரு வழி, கோல் வரட்டும், வந்ததும் வேறு காணியைக் காட்டலாம் என்று. இப்போது புதிதாக, வெறும் தரையில் வீடு நிற்கிற மாதிரி ஏ.ஐ. படம். விளம்பரத்துக்குக் காலாவதித் திகதி வைக்கிற வசதி பல பிளகின்களில் இருக்கிறது. முப்பது நாளில் தானே மறைந்துவிடும், உயிரோடு இருக்கிற காணியைத் திரும்பப் புதுப்பிக்கலாம். அதை வேண்டுமென்றே நிறுத்தி வைக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. இடத்தைச் சரியாக வரைபடத்தில் குத்தினால், வாங்குபவர் நேரே சொந்தக்காரரிடம் போய்விடுவார், மூன்று மாதம் அலைந்தவனின் கொமிஷன் போய்விடும். உண்மை, அப்படி நடக்கிறது, செய்வது பெரும்பாலும் வசதியுள்ளவர்கள்தான். அதற்காக ஊரையே மறைக்க வேண்டுமா? கிராம சேவகர் பிரிவைப் போடுங்கள், வரைபடத்தில் ஒரு வட்டம் போடுங்கள், சரியான இடத்தை நேரில் காட்டுங்கள். வட்டமாகக் காட்டுகிற வசதி நல்ல மென்பொருட்களில் உண்டு. தெரிவு செய்யும்போது அதையும் கேளுங்கள்.

எங்களுக்குக் கோபம் வந்தது இன்னொரு கோரிக்கையில். ஒருவர் தன் சைட்டில் "முஸ்லிம்களுக்கு மட்டும்" என்று பிரித்துக் காட்டும் பொத்தான் வேண்டும் என்றார். 2018க்குப் பிறகும் 2019க்குப் பிறகும் வாடகைக்கு வீடு தேடி அலைந்த எங்கள் ஆசிரியைகள், பெயரைக் கேட்டதும் "வீடு குடுத்தாச்சு" என்ற பதிலைக் கேட்டுக் கண்ணீரோடு திரும்பி வந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். சிங்களவர்களுக்கு மட்டும் என்று எழுதிய விளம்பரங்களைப் படம் பிடித்துப் பகிர்ந்து, அநியாயம் என்று கத்தியதும் நாங்கள்தான். இப்போது அதே கதவை நமது கையால், நமது சைட்டில், ஒரு பொத்தானாகச் செய்து வைப்பதா? பள்ளி எத்தனை மீட்டரில், பாடசாலை எத்தனை மீட்டரில் என்று போடுங்கள். விகாரையும் கோயிலும் எத்தனை மீட்டரில் என்றும் போடுங்கள். எங்கே வாழ்வது என்பதை வாங்குகிறவர் தீர்மானிப்பார்.

மொழிக்கு வருவோம். கண்டியில் காணி வாங்குகிறவர் சிங்களவராக, தமிழராக, முஸ்லிமாக, லண்டனில் பிறந்த நமது ஒருவரின் பிள்ளையாக இருக்கலாம். மூன்று மொழியும் வேண்டும். அநேக சைட்டுகளில் ஆங்கிலம் மட்டும், அதுவும் பிழையான ஆங்கிலம். தமிழ் எங்கே என்றால், பாமினி எழுத்துருவில் அடித்துப் படமாக்கி ஒட்டிய நோட்டீஸில். படத்துக்குள் இருக்கிற எழுத்தைப் பிரதி எடுக்க முடியாது, பார்வை குறைந்தவரின் போன் வாசித்துக் காட்டாது, தேடலிலும் ஒழுங்காகச் சிக்காது. யூனிகோடில் அடியுங்கள். வேர்ட்பிரஸில் பொலிலேங் மாதிரி இலவசப் பிளகினைக் கொண்டு ஒரே காணியை மூன்று மொழியிலும் போடலாம். மென்பொருளைத் தெரிவு செய்யும் முன் அதில் ஒரு தமிழ்ப் பக்கம் போட்டு, விலை குறைந்த ஒரு போனில் திறந்து பாருங்கள். பல ஆங்கிலத் தீம்களில் வரிக்கு வரி இடைவெளி போதாமல் தமிழ் எழுத்தின் கொம்பும் சுழியும் வெட்டுப்பட்டுக் கிடக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்று கூகுளின் இலவச எழுத்துரு இருக்கிறது, அதைப் போட்டாலே பாதி அழகு வந்துவிடும். நாட்டின் அரசியலமைப்பில் தமிழும் அரச கருமமொழி என்று 1987இல் எழுதி வாங்கியாயிற்று. கந்தோரில் தமிழில் படிவம் இல்லையென்று சண்டை பிடிக்கிற நமது ஆட்கள், தங்கள் சொந்தக் கடையில் தமிழை ஏன் படமாக ஒட்டி வைக்கிறார்கள் என்று விளங்கவில்லை.

இன்னொன்று, "நல்ட்" தீம். காசுக்கு விற்கிற தீமின் பூட்டை உடைத்துச் சும்மா தருகிறார்கள். "இலவசமா எடுத்துப் போட்டேன் சேர்" என்று பெருமை வேறு. அது களவு. களவெடுத்த சாமானில் கடை திறந்து பிஸ்மில்லாஹ் போர்டு மாட்டுவதைப் பற்றி உலமாக்கள் பேசட்டும். எங்களுக்குத் தெரிந்தது, அந்தக் கோப்புகளுக்குள் கள்ள வாசல் வைத்தே தருகிறார்கள் என்பது. 2019இல் டபிள்யூ.பி-வி.சி.டி. என்ற கிருமி இப்படித்தான் பூட்டுடைத்த தீம்கள், பிளகின்கள் வழியாக வேர்ட்பிரஸ் தளங்களில் பரவியது. வாங்க வந்தவர்கள் உங்களை நம்பிக் கொடுத்த போன் நம்பரும் பெயரும் அந்தச் சைட்டுக்குள்தான் இருக்கின்றன. அது அமானிதம். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சட்ட மொழியில் சொல்கிறது. காணி பார்க்க வருகிறவரிடம் அடையாள அட்டை இலக்கம் கேட்கிற படிவங்களைக் கண்டிருக்கிறோம். எதற்கு? தேவையில்லாததைக் கேட்காதீர்கள்.

அப்போ எதைத்தான் எடுப்பது என்று கேட்பீர்கள். எல்லோரும் வேர்ட்பிரஸுக்கு ஓடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வேர்ட்பிரஸ் சொந்த வீடு, கூரை ஒழுகினால் நீங்கள்தான் ஏற வேண்டும். மாதம் ஒரு தடவையாவது அப்டேட் போட வேண்டும், பேக்கப் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். வருடத்துக்கு ஏழெட்டுக் காணி விற்கிற ஒருவருக்கு, சைட்டைக் கவனிக்க ஆளும் இல்லையென்றால், அது தேவையில்லாத சுமை. அவர் தன் பெயரில் ஒரு எல்கே டொமைன் வாங்கட்டும், அதில் ஒரே ஒரு பக்கம், பெயர், ஊர், போன், எப்படிக் கொமிஷன் எடுக்கிறார் என்று போடட்டும். காணிகளை இக்மனிலும் லங்கா ப்ரோப்பர்ட்டி வெப்பிலும் போடட்டும், ஆட்கள் அங்கேதான் தேடுகிறார்கள். அந்தத் தளங்களில் என்.பி.ஆர்.ஓ. கட்டம் இல்லாவிட்டாலும் விபரம் எழுதுகிற இடம் இருக்கிறது, முதல் வரியில் எழுதலாம். நாலைந்து பேர் சேர்ந்து அலுவலகம் வைத்து, நூறு காணிக்கு மேல் கையில் வைத்திருப்பவர்கள் வேர்ட்பிரஸ் எடுக்கட்டும். எளிமையான தீம், கட்டம் சேர்க்கும் ஒரு பிளகின், மூன்று மொழிக்கு ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று. அதற்கு மேல் ஓடுகிற படமும் பறக்கிற எழுத்தும் வேண்டாம். உடுதும்பறையில் ஒரு கோடு சிக்னலில் திறந்து பார்க்கிறவர் அது முழுதாக வரும்வரை காத்திருக்க மாட்டார்.

கடைசியாக எல்லாரும் கேட்கிற ஒன்று. "சேர், வெள்ளம் வரும், என்.பி.ஆர்.ஓ. இல்லை என்று எழுதினால் எவன் கோல் எடுப்பான்? பக்கத்துப் புரோக்கர் எழுத மாட்டானே."

குறைவான பேர் எடுப்பார்கள், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இப்போது உங்களுக்கு வருகிற ஐம்பது கோலில் எத்தனை பேர் காணி பார்க்க வருகிறார்கள், வந்தவர்களில் எத்தனை பேர் பாதையைக் கண்டதும் வேனைத் திருப்புகிறார்கள் என்று ஒரு மாதம் எழுதி வையுங்கள். பெற்றோல் யாருடைய காசு? என்.பி.ஆர்.ஓ. அறிக்கை இல்லாத காணிக்குச் சொந்தக்காரரிடம், "அறிக்கைக்கு விண்ணப்பம் போடுங்கள், அது வந்த பிறகு விளம்பரம் போடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். வெள்ளம் ஏறுகிற காணியை விற்கவே கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. தண்ணீர் எங்கே வரை ஏறியது என்று எழுதி, அதற்கேற்ற விலையைப் போடுங்கள். கடை கட்டவோ களஞ்சியத்துக்கோ மரக்கறி போடவோ தேடுகிறவர் இருக்கிறார். அவருக்கு விற்கலாம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு கீழ் மாடியில் தூங்கப் போகிறவருக்குத்தான் அதைச் சொல்லாமல் விற்கக் கூடாது.

டிசம்பர் விடுமுறைக்கு வெளிநாட்டில் இருக்கிறவர்கள் வரப்போகிறார்கள், காணிச் சந்தை அப்போதுதான் சூடு பிடிக்கும். சைட் போட நினைத்திருக்கிறவர்கள் அதற்கு முன் டொமைன் யார் பெயரில் என்பதையும், அந்தப் படிவத்தில் என்னென்ன கட்டம் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். கட்டங்களின் பட்டியலை மூன்று மொழியிலும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் கேளுங்கள், காசில்லாமல் தருகிறோம்.